நாலு வருஷம் ஒயர்டு சென்சார், ரிலே: ஒட்டிக்கொண்ட ஒரு காண்டாக்டுக்கு அப்புறம்

போன வாரம் படிக்கட்டு விளக்கு பட்டப்பகலில் எரிந்துகொண்டிருந்தது. ஃபோனைத் திறந்து பார்த்தால் 'ஆஃப்' என்கிறது. ஆன் செய்து மறுபடி ஆஃப் செய்தேன். விளக்கு அணையவில்லை. பேனலைத் திறந்து பார்த்தேன். ரிலே என்பது சின்னக் கரண்ட்டால் இயங்கி மெயின்ஸை இணைத்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்; அவை வரிசையாக இருக்கும் பலகையில் அந்த விளக்குக்கான சேனலின் சிவப்பு எல்இடி சரியாக எரிந்து அணைந்தது. வழக்கமாகக் கேட்கும் 'டிக்' மட்டும் வரவில்லை. ஸ்க்ரூடிரைவரின் பிளாஸ்டிக் பிடியால் ரிலேவின் தலையில் மெதுவாகத் தட்டினேன். 'டிக்'. விளக்கு அணைந்தது.

அதே வாரத்தில்தான் வீடு கட்டிக்கொண்டிருக்கும் நண்பன் கேட்டான்: "பூச்சு வேலைக்கு முன்னாடி சென்சாருக்கெல்லாம் ஒயர் இழுத்துடலாமா, இல்ல ஒயர்லெஸ்ஸே போதுமா?" அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். என் வீட்டின் விளக்கு, சென்சார்களை ஆள்வது ஹோம் அசிஸ்டன்ட் என்ற மென்பொருள். பேனலுக்குள் இஎஸ்பிஹோம் என்ற மென்பொருள் ஏற்றிய இரண்டு இஎஸ்பி32 (வைஃபை உள்ள சின்னக் கம்ப்யூட்டர் சிப்). கதவு, ஜன்னல்களில் பதினொரு ரீட் ஸ்விட்ச் (காந்தம் அருகே வந்தால் மாறும் ஸ்விட்ச்), ஆள் நடமாட்டத்தைக் காணும் நாலு பிஐஆர், வெப்பநிலை அளக்கும் இரண்டு டிஎஸ்18பி20, ஒரு எட்டுச் சேனல் நீல ரிலே பலகை. 

முதலில் சென்சார். இந்தப் பாதியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்த மனம் வராது. நாலு வருஷத்தில் ஒரு பேட்டரிகூட மாற்றவில்லை. கதவைத் திறந்த அந்தக் கணமே விளக்கு எரிகிறது. பிஐஆர் நாலும் 12 வோல்ட்டில் ஓடும் அலாரம் வகை. நடமாட்டம் இல்லாதபோது மூடியிருக்கும் காண்டாக்ட் (தொட்டு இணையும் உலோக முனைகள்) கொண்டவை. ஒயர் அறுந்தாலோ கரண்ட் போனாலோ 'ஆள் நடமாட்டம்' என்றே காட்டும். பேசாமல் செத்துக் கிடக்கும் சென்சாரைவிட இப்படிக் கத்தும் சென்சார் எவ்வளவோ மேல்.

ஆரம்பத்தில் ஒரு தொல்லை இருந்தது. பின்கதவு ரீட் ஸ்விட்சுக்குப் போகும் ஒயர் சுமார் 12 மீட்டர். மோட்டார் ஓடத் தொடங்கும்போதெல்லாம் அந்தக் கதவு 'திறந்தது, மூடியது' என்று பதிவில் வரும். ரீட் ஸ்விட்சை மாற்றினேன், காந்தத்தை நெருக்கி வைத்தேன், எதற்கும் மசியவில்லை. காரணம் வேறு இடத்தில் இருந்தது. ஸ்விட்ச் திறந்திருக்கும்போது இன்புட்டை 3.3 வோல்ட்டில் பிடித்து வைக்க, சிப்புக்குள்ளேயே இருக்கும் புல்-அப் ரெசிஸ்டரை நம்பியிருந்தேன். அது ஏறத்தாழ 45 கிலோ ஓம். 3.3 வோல்ட்டில் அந்தச் சுற்றில் ஓடுவது 0.07 மில்லி ஆம்பியர்தான். அவ்வளவு சன்னமான கரண்ட்டில் 12 மீட்டர் ஒயர் ஆன்டெனா மாதிரி நடந்துகொள்கிறது. வெளியே 2.2 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்று வைத்தேன், கரண்ட் 1.5 மில்லி ஆம்பியர் ஆனது. சிப்பின் இன்புட் காலான 'பின்'னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்று, இஎஸ்பிஹோமில் 50 மில்லிசெகண்ட் தாமத ஃபில்டர் ஒன்று. அன்றிலிருந்து இன்றுவரை அந்தக் கதவு ஒரு பொய் சொன்னதில்லை. இஎஸ்பி32-இல் 34 முதல் 39 வரையுள்ள பின்களில் உள் புல்-அப்பே கிடையாது. அங்கே வெளி ரெசிஸ்டர் இல்லாமல் ரீட் ஸ்விட்ச் மாட்டினால் மனம்போனபடி காட்டும்.

டிஎஸ்18பி20-க்கு 4.7 கிலோ ஓம் புல்-அப் போதும். எப்போதாவது திடீரென்று 85 டிகிரி என்று காட்டினால் பயப்பட வேண்டாம். பவர் வந்ததும், அளவெடுப்பதற்கு முன் அதன் நினைவில் இருக்கும் எண் அது. ஃபில்டரில் தள்ளிவிட்டால் சரி.

இனி ரிலே. இந்தச் சென்சார்களோடு பழகிவிட்டதால்தான் ரிலே மேல் எனக்கு இவ்வளவு கோபம் என்று நினைக்கிறேன். கதவு 'திறந்திருக்கிறது' என்று திரையில் வந்தால், கதவு நிஜமாகவே திறந்திருக்கிறது. விளக்கு 'ஆஃப்' என்று வந்தால் அதற்கு அர்த்தம், ஆஃப் ஆகச் சொல்லியாகிவிட்டது என்பது மட்டும்தான். ஆனதா என்று யாரும் போய்ப் பார்க்கவில்லை. இரண்டும் ஒரே திரையில், ஒரே அளவு ஐகானில், ஒரே நிறத்தில் இருக்கின்றன. ஒன்று நடந்த செய்தி, இன்னொன்று நாம் போட்ட உத்தரவு. நாலு வருஷமாக இரண்டையும் ஒரே மாதிரி நம்பியிருக்கிறேன்.

ஒட்டிக்கொண்ட ரிலேவைக் கழற்றி, நீல மூடியைப் பிளேடால் அறுத்துப் பார்த்தேன். காண்டாக்ட் மிளகைவிடச் சின்னது. அதன் நடுவில் ஒரு பள்ளம், பள்ளத்தைச் சுற்றி ஒரு கரிய வளையம், எதிர்க் காண்டாக்டில் அதற்குப் பொருத்தமாக ஒரு மேடு. படிக்கட்டில் இருப்பது ஐந்து 9 வாட் எல்இடி பல்புகள். மொத்தம் 45 வாட். 10 ஆம்பியர் என்று தலையில் அச்சடித்த ரிலேவுக்கு இது ஒரு சுமையே இல்லை என்றுதான் மாட்டும்போது நினைத்தேன். ஆனால் அந்த 10 ஆம்பியர் ஹீட்டர் மாதிரியான ரெசிஸ்டிவ் லோடுக்குச் சொன்னது. எல்இடி பல்பின் டிரைவருக்குள் ஒரு கெப்பாசிட்டர் காலியாக உட்கார்ந்திருக்கும். ஸ்விட்ச் விழும் நேரத்தில் மெயின்ஸின் ஏசி அலை உச்சியில் இருந்தால், அந்தக் கெப்பாசிட்டர் நிரம்பும் துளி நேரத்துக்குப் பல மடங்கு கரண்ட் பாயும். அதே துளி நேரத்தில்தான் காண்டாக்ட் பட்டு எம்பி மறுபடி படுகிறது. தீப்பொறி, உருகல், ஒட்டல். பிஐஆர் சொல்லி அந்த விளக்கு ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது எரியும். நாலு வருஷத்துக்கு நாற்பதாயிரத்துக்கு மேல். நியாயமாகப் பார்த்தால் அந்தச் சின்ன ரிலே நன்றாகவே உழைத்திருக்கிறது. அதை ஒத்துக்கொள்கிறேன். உழைத்து ஓய்ந்ததை என்னிடம் சொல்ல அதற்கு வழியில்லையே என்பதுதான் என் வருத்தம்.

அதன் மற்ற குணங்கள் எல்லாருக்கும் தெரிந்தவை. இந்தப் பலகைகள் பெரும்பாலும், பின்னில் வோல்ட்டேஜ் இறங்கினால் (லோ) ஆன் ஆகும் வகை. பூட் ஆகும்போது சில பின்கள் தாமாக ஆடும், அந்தப் பின்னில் ரிலே இருந்தால் அதுவும் சேர்ந்து அடிக்கும். பின்னை மாற்றி, இஎஸ்பிஹோமில் ஆன்-ஆஃபைத் தலைகீழாக்கும் 'இன்வர்ட்டட்' போட்டு, பலகையின் இரு சப்ளைகளை இணைக்கும் ஜேடி-விசிசி ஜம்பரைக் கழற்றி, ரிலேவை இழுக்கும் காயிலுக்கு 5 வோல்ட்டும், ஒளி வழியாகச் சிக்னல் கடத்தும் ஆப்டோ பக்கத்துக்கு 3.3 வோல்ட்டும் தனித்தனியாகக் கொடுத்தால் அடங்கிவிடும். காயில் ஒவ்வொன்றும் சுமார் 70 மில்லி ஆம்பியர் இழுக்கும். எட்டும் சேர்ந்து அரை ஆம்பியரைத் தாண்டும். அந்த 5 வோல்ட்டை இஎஸ்பி போர்டிலிருந்து எடுக்காமல் சப்ளையிலிருந்தே நேராக எடுங்கள்.

இன்னொன்று மட்டும் சொல்லிவிடுகிறேன், தெரியாவிட்டால் தவித்துப்போவீர்கள். ஒருமுறை ஹோம் அசிஸ்டன்ட் ஓடும் சர்வரைக் கழற்றி டிஸ்க் மாற்றிக்கொண்டிருந்தேன். கால் மணி நேரத்துக்கு ஒருமுறை வீட்டு விளக்குகள் மொத்தமும் அணைந்தன. இஎஸ்பிஹோமில், ஹோம் அசிஸ்டன்டோடு பேசும் ஏபிஐ பகுதியில் ரீபூட் டைம்அவுட் என்று ஒன்று உண்டு. யாரும் இணையாமல் 15 நிமிடம் போனால் சாதனம் தன்னைத்தானே ரீஸ்டார்ட் செய்துகொள்ளும். தொங்கிப்போன இணைப்பை மீட்க அது நல்ல ஏற்பாடு. ரிலே வைத்திருப்பவர்கள் அதைப் பூஜ்யமாக்கிவிட வேண்டும்.

சரி, ரிப்பேருக்கு வருகிறேன். எம்சிபியை (மெயின்ஸைத் துண்டிக்கும் பிரேக்கர்) இறக்கிவிட்டு, டெஸ்டரிலும் பார்த்துவிட்டுத்தான் கை வைத்தேன். முதல் பாய்ச்சலில் 80 ஆம்பியர் வரை தாங்கும் என்று டேட்டாஷீட்டில் போட்ட தனி ரிலே ஒன்றைப் பேனலில் மாட்டினேன். அதன் 12 வோல்ட் காயிலை ஓட்டுவது மட்டும்தான் இப்போது நீலப் பலகையின் வேலை. காயிலுக்குக் குறுக்கே ஒரு டையோடு. அப்புறம் முக்கியமான வேலை: காண்டாக்டைத் தாண்டி விளக்குக்குப் போகும் ஒயரில், மெயின்ஸ் இருக்கிறதா என்று ஆப்டோ வழியாகப் பார்த்துச் சொல்லும் ஒரு சின்ன மாட்யூலை இணைத்து, காலியாக இருந்த ஒரு இன்புட் பின்னுக்குக் கொண்டுவந்தேன். இப்போது திரையில் 'சொன்னது', 'நடந்தது' என்று இரண்டு வரி. இரண்டும் இரண்டு நொடிக்கு மேல் மாறுபட்டால் ஃபோனுக்குச் செய்தி வரும். கடைசியில் ரிலேவைக் கண்காணிக்கவும் ஒரு ஒயர்டு சென்சார்தான் வந்து நின்றது. முதல் நாள் அந்த இரண்டு வரியும் ஒன்றாக மாறுவதைப் பார்க்கவே நாலைந்து தடவை படிக்கட்டு ஏறி இறங்கினேன்.

மீதி ஏழு சேனலுக்கு இன்னும் செய்யவில்லை. பேனலில் இடம் இல்லை.

நண்பனிடம் சொன்னது இதுதான். சென்சாருக்கு யோசிக்காமல் ஒயர் இழு, ஒவ்வொரு கதவுக்கும் நாலு ஜோடி கேபிள். மெயின்ஸ் போகும் பைப்பில் மட்டும் சேர்த்து விடாதே. ரிலே பலகை வாங்காதே. நாலு வருஷத்தில் எட்டில் ஒன்றுதான் போயிருக்கிறது, அதற்காக வாங்காதே என்பது நியாயமில்லை என்று அவனே கணக்குப் போட்டுச் சொன்னான். கணக்கு சரிதான். ஆனாலும் வாங்காதே. நடந்ததைத் திருப்பிச் சொல்ல வழி வைத்திருந்தால் மட்டும் வாங்கு.

அடுத்த வாரம் அவனுக்குப் பூச்சு வேலை ஆரம்பம். பேனல் பெட்டியை ஒரு அளவு பெரிதாக வைக்கவும், படிக்கட்டுக்கு இரண்டு ஜோடி கூடுதலாக இழுக்கவும் சொல்லியிருக்கிறேன்.