ரூன் செட்: விரலுக்குத் தெரிந்துவிட்ட பிறகு

பர்மிங்ஹாமில் இருக்கும் தோழி ஒரு இணைப்பை அனுப்பி, “நீ வெச்சிருக்கிற அதே ரூன் செட்டைப் பாதி விலைக்குப் போட்டிருக்காங்க, வாங்கட்டுமா?” என்று கேட்டாள். போனில் சொல்ல ஆரம்பித்தால் நீண்டுகொண்டே போகும் என்பதால் எழுதிவிடுகிறேன். ரூன் என்பது வட ஐரோப்பாவின் பழைய எழுத்து, அதைப் பொறித்த வில்லைகளை எடுத்துக் குறி பார்ப்பார்கள். சில வருடங்களாக அநேகமாகத் தினமும் கையில் எடுக்கும் பொருள் இது. பாசமும் உண்டு, எரிச்சலும் உண்டு. இன்றைக்கு எரிச்சல் கொஞ்சம் தூக்கல்.

செட்டைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரூன் வரிசைகளில் மிகப் பழையதான எல்டர் ஃபுதார்க்கின் 24 எழுத்து, கூடவே எதுவும் எழுதாத வில்லை ஒன்று, ஆக 25. மரக்கிளையைப் பட்டையோடு குறுக்கே அறுத்து, சூட்டுக்கோலால் எழுத்தைப் பொறித்திருக்கிறார்கள். ஒரு சுருக்குப் பை, ஒரு குட்டிக் கையேடு. படத்தில் பார்த்தால் யாருக்கும் வாங்கத் தோன்றும்.

தினமும் காலையில் பைக்குள் கையை விட்டு ஒன்றை எடுக்க வேண்டும். அது என்ன சொல்கிறது என்று நோட்டில் ஒரு வரி. ராத்திரி, அந்த நாள் எப்படிப் போனது என்று இன்னொரு வரி. பேகன் வழியில், அதாவது கிறிஸ்தவத்துக்கு முந்தைய ஐரோப்பிய வழிபாட்டை இன்று பின்பற்றும் வழியில், ரூனைக் கையாளும் பலர் பயிற்சியை இப்படித்தான் தொடங்கச் சொல்வார்கள். நல்ல பயிற்சி, அதில் குறை சொல்ல மாட்டேன்.

ஆனால் சூட்டுக்கோல் எழுத்து என்றால் பள்ளம். பள்ளம் விரலுக்குத் தெரியும். ஆரம்பத்தில் எல்லாமே கரடுமுரடாக ஒரே மாதிரி இருந்தது. அப்புறம் ஈசா என்ற எழுத்து தெரிய ஆரம்பித்தது, ஒரே ஒரு நேர்கோடு. அடுத்தது கெபோ, பெருக்கல் குறி. பிறகு தகாஸ், இங்வாஸ். வெற்று வில்லையைச் சொல்லவே வேண்டாம், அது முதல் நாளே தெரியும். இப்போது பாதிக்கு மேல் பைக்குள்ளேயே படித்துவிடுகிறேன். சம்பள விஷயமாக ஏதாவது மனதில் ஓடிக்கொண்டிருந்தால், செல்வத்துக்கான ஃபெஹுவைக் கண்டுபிடிக்கும் வரை கட்டைவிரல் சும்மா இருப்பதில்லை. சரி, இது வேண்டாம் என்று விட்டுவிட்டு வேறொன்றை எடுத்தால் அதுவும் நான் தேர்ந்தெடுத்ததுதானே?

போதாததற்கு வில்லை வட்டமாக வேறு இருக்கிறது. எந்தப் பக்கம் தலை என்று அதற்குத் தெரியாது. ரூன் தலைகீழாக வந்தால் வேறு பொருள் என்று இப்போது பலர் படிக்கிறார்கள். 24இல் 9 எழுத்து தலைகீழாகத் திருப்பினாலும் மாறாது. மீதி 15 எப்படி விழும் என்பதை, வெளியே எடுத்து வைக்கும் என் கை தீர்மானிக்கிறது.

ஆக, பயிற்சி கூடக் கூட இந்த செட் கெட்டுப்போகிறது. விற்பனைப் பக்கத்தில் இருக்கும் பாராட்டுகளில் இது இருக்காது. அவையெல்லாம் பை கைக்கு வந்த வாரத்தில் எழுதியவை.

நம் ஊரில் பூக்கட்டிப் பார்ப்பதை நினைத்துப் பாருங்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம். சாமி முன்னால் போட்டு, விஷயம் எதுவும் தெரியாத ஒரு குழந்தையைக் கூப்பிட்டு எடுக்கச் சொல்வார்கள். பொட்டலம் கட்டியவர் எடுக்க மாட்டார். எடுக்கிற கைக்கு உள்ளே இருப்பது தெரியக் கூடாது என்ற அந்தச் சின்ன ஒழுங்கு இல்லாவிட்டால் குறி கேட்பதே வீண். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2021 கணக்கெடுப்பில் சுமார் 74,000 பேர் மதம் என்ற இடத்தில் பேகன் என்று எழுதினார்கள். இவ்வளவு பேர் இருக்கும் சந்தையில், எழுத்தைப் பொறித்த பிறகு பள்ளத்தை நிரப்பித் தேய்த்துச் சமமாக்கலாம் என்று யாருக்காவது தோன்றியிருக்கலாம்.

பையே புதுப் பழக்கம் என்பதுதான் இதில் வேடிக்கை. ஜெர்மானியர்கள் குறி பார்த்ததைப் பற்றி ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் கி.பி. 98 வாக்கில் எழுதியிருக்கிறார். காய்க்கும் மரத்தின் கிளையை வெட்டிச் சிறு துண்டுகளாக்கி, குறி போட்டு, வெள்ளைத் துணியின் மேல் கண்டபடி சிதற விடுவார்களாம். ஊர்க் காரியம் என்றால் பூசாரி, வீட்டுக் காரியம் என்றால் குடும்பத் தலைவர், வானத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொன்றாக மூன்று எடுப்பார். அந்தக் குறிகள் ரூன்தான் என்று டாசிட்டஸ் சொல்லவில்லை. அது எதுவாக இருந்தாலும் சரி, வானத்தைப் பார்த்துக்கொண்டு எடுக்கச் சொன்னவருக்கு மனிதக் கையின் திருட்டுப் புத்தி நன்றாகத் தெரிந்திருக்கிறது.

நானும் இப்போது பெரும்பாலும் துணிக்கு மாறிவிட்டேன். எல்லாவற்றையும் இரண்டு கையாலும் அள்ளிப் போட்டு, முகம் மேலே தெரிகிறவற்றை மட்டும் படிக்கிறேன். எது எதற்குப் பக்கத்தில் விழுந்தது, எது தனியாக ஓரத்துக்குப் போனது என்று பார்க்க வேண்டும். ஒன்றை எடுத்துப் பொருள் சொல்வதைவிட இது நிறையக் கடினம், நேரமும் பிடிக்கும். ஆனால் படிக்கக் கற்றுக்கொண்டேன் என்று எனக்கே நம்பிக்கை வந்தது இதற்குப் பிறகுதான். அந்தப் பெருமையை செட்டுக்குக் கொடுக்க மனம் வரவில்லை.

இனி அந்த வெற்று வில்லை. பழைய கல்வெட்டிலோ எலும்பிலோ மரத்திலோ அப்படி ஒரு ரூன் கிடையாது. ஸ்வீடனின் கோட்லாந்துத் தீவில் கிடைத்த கில்வர் கல், கி.பி. 400 வாக்கிலானது, 24 எழுத்தையும் வரிசையாகக் காட்டுகிறது. இருபத்தைந்தாவதற்கு அதில் இடம் இல்லை. 1982இல் அமெரிக்காவில் வெளியான ஒரு பிரபலமான புத்தகத்தோடு சேர்த்து விற்ற செட்டிலிருந்துதான் இது பரவியது. என் கையேடு இதை ‘விதியின் ரூன்’ என்று இரண்டு பக்கத்துக்கு வர்ணிக்கிறது. எழுத்தே இல்லாததற்கு இரண்டு பக்கம்! உண்மையான ரூனான யேராவுக்கு நாலு வரி.

அந்த வில்லைக்கு ஒரு நாள் வேலை வந்தது. போன குளிர்காலத்தில் ரைடோ என்ற எழுத்து இருந்த வில்லை விரிசல் விட்டது, நடுவிலிருந்து ஓரம் வரை. மரம் காயும்போது வளையத்தின் போக்கில் சுருங்கும் அளவு, நடுவிலிருந்து வெளிப்பக்கமாகச் சுருங்கும் அளவைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் கிளையைக் குறுக்கே அறுத்து எடுத்த வட்டம் என்றைக்காவது நடுவிலிருந்து ஓரத்துக்கு வெடிக்கத்தான் பார்க்கும். குளிர்காலம் முழுக்க ஹீட்டர் ஓடும் வீட்டில் இன்னும் சீக்கிரம். அழகுக்காக விட்ட பட்டையும் உரிந்து பைக்குள் தூளாகக் கொட்டுகிறது. விற்றவர்களுக்குப் படத்தோடு எழுதினேன். மரம் இயற்கையான பொருள், இது அதன் அழகு என்று பதில் வந்தது, அடுத்து வாங்கினால் தள்ளுபடி என்ற வரியோடு.

வெற்று வில்லையில் நானே ரைடோவைப் பொறித்தேன். என் சூட்டுக்கோல் மலிவானது, கோடு கொஞ்சம் ஆழமாகப் போயிற்று. இப்போது பைக்குள் கண்ணை மூடிக்கொண்டு தேடினாலும் முதலில் தட்டுப்படுவது ரைடோதான். பொருள், பயணம். கையை விடும்போதெல்லாம் பயணம் போகச் சொல்லும் செட் வேண்டுமென்றால் சொல்லுங்கள், செய்து தருகிறேன்.

சரி, நியாயமாகவும் கொஞ்சம் பேச வேண்டும். இந்த செட் இல்லாவிட்டால், ஒவ்வொரு எழுத்தின் பெயருக்கும் சில வரி சொல்லும் பழைய ரூன் கவிதைகளிடம் நான் போயிருக்க மாட்டேன். கையேட்டின் மேல் வந்த வெறுப்பில் தேடிப் போனதுதான். ஈசா என்றால் பனிக்கட்டி. அதற்குக் கையேடு சொல்வது: தேக்கம், பொறுமை, காத்திரு. அவ்வளவுதான். பழைய ஆங்கிலக் கவிதை பனிக்கட்டியைக் கடும் குளிர், அளவில்லாத வழுக்கல் என்று தொடங்கி, கண்ணாடிபோல் மின்னுவது, உறைபனி செய்த தளம், பார்க்க அழகு என்கிறது. நார்வே கவிதை அதையே அகன்ற பாலம் என்கிறது, குருடனைக் கைபிடித்து அழைத்துப் போக வேண்டும் என்று உடனே சேர்க்கிறது. ஐஸ்லாந்துக் கவிதையில் அது ஆற்றின் பட்டை, அலையின் கூரை. மூன்றையும் படித்த பிறகு ஈசா விழுந்தால் ‘காத்திரு’ என்று எழுதக் கை வரவில்லை. இதன் மேல் நடக்கலாமா, நடந்தால் யார் கையைப் பிடித்துக்கொள்வது என்று கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்கு அலுவலகத்தில் ஒரு கையெழுத்து போட வேண்டியிருந்தால் இந்தக் கேள்வி எவ்வளவு உபயோகம் தெரியுமா.

ஃபெஹுவும் அப்படித்தான். கையேட்டில்: வளம், வெற்றி. ஆங்கிலக் கவிதை செல்வம் எல்லாருக்கும் ஆறுதல், ஆனால் தாராளமாகப் பகிர்ந்து கொடுக்க வேண்டும் என்கிறது. நார்வேக்காரர் சுற்றி வளைக்கவில்லை: செல்வம் உறவுக்குள் சண்டை மூட்டும், ஓநாய் காட்டில் வளரும். பாகப் பிரிவினை பார்த்த குடும்பத்தில் பிறந்த எவருக்கும் இதற்கு உரை தேவையில்லை.

ஆங்கிலக் கவிதை நமக்குக் கிடைத்ததே அதிர்ஷ்டம். இருந்த ஒரே சுவடி 1731இல் லண்டனில் காட்டன் நூலகம் தீப்பிடித்தபோது எரிந்துபோனது. 1705இல் ஜார்ஜ் ஹிக்ஸ் என்ற அறிஞர் அதை அச்சில் ஏற்றியிருந்ததால் தப்பித்தது. இந்தக் கவிதைகளின் எழுத்துப் பெயர்களை வைத்துத்தான் மொழியியலாளர்கள் ஃபெஹு, ஈசா போன்ற பழைய வடிவங்களை மீட்டெடுத்தார்கள். பெர்த்ரோ என்ற எழுத்தின் பொருள் இன்றுவரை யாருக்கும் உறுதியாகத் தெரியாது. கையேட்டுக்கு மட்டும் தெரியும்.

ரூனை ஓதுவது, இரண்டு மூன்றைச் சேர்த்து ஒரே குறியாகக் கட்டுவது எல்லாம் செய்து பார்த்தேன். ஓதும்போது மனம் ஒரு இடத்தில் நிற்கிறது, அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அதற்கு செட்டும் தேவையில்லை.

வாங்கப் போகிறவர்கள் ஒன்று மட்டும் கவனியுங்கள். 18 எழுத்து செட் ஏதாவது கண்ணில் பட்டால் தொட வேண்டாம். அது வியன்னாவைச் சேர்ந்த கீடோ ஃபான் லிஸ்ட் 1908இல் வெளியிட்ட வரிசை. கண்புரை அறுவைக்குப் பிறகு பார்வை இல்லாமல் இருந்த மாதங்களில் தனக்குக் காட்சியாகத் தெரிந்தது என்றார். அவருடைய இனப் பெருமைப் பேச்சு எங்கே போய் முடிந்தது என்று உலகத்துக்குத் தெரியும். நாஜிகளின் எஸ்.எஸ். படையின் இரட்டை மின்னல் குறி அந்த வரிசையின் எழுத்துதான். ஜெர்மனியில் இன்றும் அந்தக் குறியைப் பொது இடத்தில் காட்டினால் சட்டப்படி குற்றம். கறுத்த தோலோடு ரூன் பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு பேகன் கூட்டங்களுக்குப் போகிறவள் என்ற முறையில் சொல்கிறேன், அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் இந்த வரலாறு தெரிந்தவர்கள், தெரிந்ததால் கூச்சப்படுகிறவர்கள். தெரியாத மாதிரி நடிக்கும் சிலரும் உண்டு. அவர்களை எழுத்தின் எண்ணிக்கையிலேயே கண்டுபிடித்துவிடலாம்.

மதிப்பெண் கேட்டால் 5க்கு 2. இவ்வளவு கற்றுக்கொடுத்த பொருளுக்கு இது அநியாயம்தான், ஆனால் இன்று காலையும் கைக்கு ரைடோதான் வந்தது, நான் எங்கேயும் போகவில்லை. யாராவது விலைக்குக் கேட்டால் கொடுக்கவும் மாட்டேன்.

உனக்கு என் பதில்: வாங்காதே. அந்தக் காசுக்கு ஒரு மடக்குக் கத்தி வாங்கு. அலகு 3 அங்குலத்துக்குள், பூட்டிக்கொள்ளாத வகையாக இருக்கட்டும், பிரிட்டனில் அதைப் பையில் வைத்துக்கொண்டு போகத் தடையில்லை. ஆப்பிள் மரத்தைக் குளிர்காலத்தில்தான் கவாத்து செய்வார்கள், உன் பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டால் வெட்டிப்போட்ட கிளை சும்மா கிடைக்கும். வட்டமாக அறுக்காதே, நீளவாக்கில் பிளந்து தட்டையான குச்சிகளாகச் செய்துகொள். எழுத்தின் நிமிர்ந்த கோடு மரத்தின் ரேகையைக் குறுக்கே வெட்டிப் போகட்டும். ரூன் வரிசையில் படுக்கைக் கோடே இல்லாததற்குக் காரணம் ரேகையோடு போகும் வெட்டு மரத்தில் தெரியாது என்பதுதான் என்று பலர் சொல்கிறார்கள், இரண்டு குச்சி வெட்டினால் உனக்கே புரிந்துவிடும். லேசாகக் கீறு, ஆழம் வேண்டாம். காவியை ஆளிவிதை எண்ணெயில் குழைத்துக் கீறலில் தேய்த்து, காய்ந்ததும் உப்புத்தாள் போட்டு, விரலால் தடவிப் பார். எழுத்து விரலுக்குத் தெரிந்தால் இன்னொரு முறை தேய்.