கேஸ்கொலேட்டரா, லைன் ஃபில்டரா: மூன்று ஆண்டுக்குப் பிறகு நான் மாற்றிக்கொண்டது ஏன்

நான் வீட்டில் கட்டிய ஆர்வி-9ஏ விமானம் பறக்கத் தொடங்கி முதல் மூன்று ஆண்டுகள் அதில் கேஸ்கொலேட்டர் கிடையாது. மறந்து விட்டதல்ல, யோசித்து எடுத்த முடிவு. இரண்டு டேங்கிலும் அடியில் டிரெய்ன் வால்வ் (தங்கிய தண்ணீரை வடிக்கும் வால்வ்), கேபின் தரையில் ஒரு மூடிக்குக் கீழே உலோக லைன் ஃபில்டர், அதற்கடுத்து மின்சார பம்ப். எடை குறைவு, இணைப்புகள் குறைவு, இன்ஜின் சூட்டில் பெட்ரோல் நிற்கும் இடமும் ஒன்று குறைவு. நான்காவது ஆண்டு அந்த ஃபில்டரைக் கழற்றிவிட்டு ஃபயர்வாலில் (இன்ஜினையும் கேபினையும் பிரிக்கும் தகடு) கேஸ்கொலேட்டர் மாட்டினேன். பம்பையும் ஃபயர்வாலுக்கே நகர்த்த வேண்டியிருந்தது. இந்த இரண்டில் எது என்று முடிவு செய்ய முடியாமல் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். நான் எந்தப் பக்கம் என்பது இதற்குள் தெரிந்திருக்கும்.

கேஸ்கொலேட்டர் என்ற பெயர் புதிதாக இருந்தால், பழைய டிராக்டரில் டீசல் ஃபில்டரோடு தொங்கும் கண்ணாடிக் கிண்ணத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அதே வேலைதான். குறுகிய குழாயில் வரும் பெட்ரோல் அகலமான கிண்ணத்துக்குள் நுழைந்ததும் வேகம் தணிகிறது. அவ்காஸ், அதாவது விமானப் பெட்ரோல், லிட்டருக்குச் சுமார் 720 கிராம், தண்ணீர் ஒரு கிலோ. அதனால் தண்ணீரும் கனமான துகள்களும் அடியில் தங்க, பெட்ரோல் மேலே இருக்கும் சல்லடை வழியாக வெளியேறுகிறது. கிண்ணத்தின் அடியில் ஒரு டிரெய்ன். லைன் ஃபில்டரில் சல்லடை மட்டும்தான். தூசைப் பிடிக்கும், சேரும் தண்ணீரை வடித்துவிட அதில் வழி இல்லை.

விலை, எடை இரண்டிலும் லைன் ஃபில்டருக்கே வெற்றி, அதில் பேச ஒன்றுமில்லை. காருக்கான காகித ஃபில்டரை இந்தப் போட்டியிலேயே சேர்க்கவில்லை. காகிதம் தண்ணீர் பட்டால் ஊறி வழியை அடைக்கும், குளிரில் அந்த ஈரம் உறைந்தும் அடைக்கும். கண்ணாடி உடம்பு ஃபில்டரும் வேண்டாம், விரிசல் விட்டால் பெட்ரோல் கொட்டும்.

கேஸ்கொலேட்டர் தேவையில்லை என்பவர்களிடம் நல்ல வாதம் ஒன்று இருக்கிறது. பைப்பர் கப், ஜெனித் சிஎச் 750 போன்ற மேல் இறக்கை விமானங்களில் பெட்ரோல் மேலிருந்து கீழே இறங்குகிறது, கேஸ்கொலேட்டர் அந்தப் பாதையின் தாழ்ந்த இடத்தில் இருக்கும், தண்ணீர் தானாக அங்கே வந்து சேரும். ஆர்வி போன்ற தாழ் இறக்கை விமானத்தில் கதை தலைகீழ். டேங்க்தான் கீழே, ஃபயர்வால் மேலே. தண்ணீர் முதலில் தங்குவது டேங்கின் அடியில். ஆகவே டேங்க் டிரெய்ன்தான் முதல் காவல், கேஸ்கொலேட்டர் அதற்கு மாற்று ஆகாது. இதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன்.

அமெரிக்காவில் வீட்டில் கட்டும் விமானத்துக்கு பார்ட் 23 (தொழிற்சாலையில் கட்டும் சிறு விமானங்களுக்கான அரசு விதிகள்) கட்டாயமில்லை. ஆனாலும் 2017-க்கு முந்தைய பார்ட் 23 எனக்கு நல்ல அளவுகோல். டேங்கின் அடியில் தண்ணீர் தங்கி வடிய ஒரு குழி வேண்டும். அதன் கொள்ளளவு டேங்கில் 0.25 சதவீதம் அல்லது ஒரு காலனில் பதினாறில் ஒரு பங்கு, இதில் எது பெரிதோ அது. என் டேங்க் ஒவ்வொன்றும் 18 காலன், ஆகவே இரண்டாவது கணக்குதான் பொருந்தும்: சுமார் 237 மில்லி. அதே விதிகள் டேங்குக்கும் பம்புக்கும் இடையே ஒரு ஸ்ட்ரெய்னரையும், அதில் வண்டல் தங்கும் கிண்ணத்தையும் டிரெய்னையும் கேட்டன. எளிதில் எட்ட வேண்டும், சல்லடை எளிதில் கழன்று வர வேண்டும் என்றும் சொல்லின. கட்டும்போது அந்தக் கடைசி வரியை வேகமாகத் தாண்டிப் போனேன். பிறகு என் மனதை மாற்றியது அதுதான்.

முதல் ஆண்டுச் சோதனையில் லைன் ஃபில்டரைத் திறந்ததைச் சொல்கிறேன். இரண்டு சீட்டையும் வெளியே எடுக்க வேண்டும். கார்பெட். நடுவில் ஓடும் மூடி, இருபதுக்கு மேல் ஸ்க்ரூ. டேங்கைத் தேர்ந்தெடுக்கும் செலக்டர் வால்வை மூடினாலும் குழாயில் நிற்கும் பெட்ரோல் வழியும், அதுவும் கேபினுக்குள்ளேயே, துணியை வைத்து ஒற்றி எடுக்க வேண்டும். ஸ்பேனர் கால் சுற்றுக்கு மேல் திரும்பாது. சுத்தம் செய்து மாட்டிய பிறகு பம்பை ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் டார்ச் அடித்துப் பார்த்து, நாற்றம் வருகிறதா என்று மோந்து பார்த்து, மறுபடி மூடி, கார்பெட், சீட். ஒரு சனிக்கிழமை பாதி போய்விட்டது. அந்த ஆண்டு சல்லடையில் கொஞ்சம் அலுமினியத் தூள் இருந்தது. புது விமானத்தில் அது இருக்கத்தான் செய்யும்.

இரண்டாவது ஆண்டு நான் அதைத் திறக்கவில்லை. மின்சார பம்பை ஓடவிட்டு ஜாடியில் பிடித்து அளந்தேன். ஓட்டம் முதல் நாள் இருந்த மாதிரியே இருந்தது. சரி, ஃபில்டர் சுத்தமாகத்தான் இருக்கிறது என்று குறித்துக்கொண்டேன். அது தவறான முடிவு. மூன்றாவது ஆண்டு திறந்தபோது சல்லடையில் மூன்றில் ஒரு பங்கு மூடிக் கிடந்தது: டேங்க் கட்டும்போது நான் தடவிய சீலன்ட்டின் துணுக்குகள், துளையிட்ட தூள், எல்லாவற்றையும் பிடித்து வைத்திருக்கும் சாம்பல் நிறச் சேறு. அந்த நிலையிலும் ஓட்டம் குறையவில்லை. சல்லடையின் பரப்பு தேவைக்கு மேல் பெரிதாக இருப்பதால் பெரும்பகுதி அடைபடும் வரை அளவு இறங்காது, அதன் பிறகு சட்டென்று இறங்கும். இன்னும் எவ்வளவு இடம் மிச்சம் என்பதை ஓட்ட அளவு சொல்லாது. கண்ணால் பார்த்தால்தான் தெரியும்.

இப்போது கேஸ்கொலேட்டர். ஆண்டுச் சோதனைக்கு எப்படியும் இன்ஜின் கவுல் (இன்ஜினின் வெளி மூடி) கழன்றிருக்கும். பாதுகாப்புக் கம்பியை வெட்டி, ஒரு நட்டைத் தளர்த்தினால் கிண்ணம் கையில். வெள்ளைத் துணியில் கவிழ்த்துப் பார்க்கிறேன், சல்லடையைக் கழுவுகிறேன், கேஸ்கெட்டைப் பார்க்கிறேன், மாட்டிக் கம்பி கட்டுகிறேன். கால் மணி நேரம். நடுவில் ஆயில் மாற்றக் கவுலைக் கழற்றும்போதும் செய்துவிடுகிறேன். எளிதாக இருக்கும் வேலை நடக்கும், சீட்டைக் கழற்றச் சொல்லும் வேலை தள்ளிப்போகும். என்னைவிட ஒழுங்கானவர் தவறாமல் திறப்பார் என்றால் லைன் ஃபில்டரில் குறையில்லை. அதை வைத்துக்கொண்டு பல நூறு மணி நேரம் நன்றாகப் பறப்பவர்களை எனக்குத் தெரியும்.

தண்ணீர் விஷயத்திலும் ஒரு முறை அந்தக் கிண்ணம் உதவியது. ஒரு ஃப்ளை-இன்னில் (விமானிகள் பறந்து வந்து கூடும் சந்திப்பு) விமானம் இரவு முழுக்க மழையில் நின்றது. டேங்க் மூடியின் ஓ-ரிங் (ரப்பர் வளையம்) காய்ந்து இறுகியிருந்ததை நான் கவனிக்கவில்லை. காலையில் டேங்க் டிரெய்னில் மூன்று ஜாடி பிடித்த பிறகுதான் நீலம் மட்டும் வந்தது. (நான் ஊற்றும் அவ்காஸான 100 எல்எல் நீலமாக இருப்பது எவ்வளவு நல்லது. ஜாடி முழுக்கத் தண்ணீராக இருந்தால் நடுவில் கோடு தெரியாது, நிறம் இல்லாததுதான் காட்டிக்கொடுக்கும்.) பிறகு விமானத்தைத் தரையிலேயே ஓட்டி பெட்ரோல் போடும் இடத்துக்குப் போய், மறுபடி எல்லாவற்றையும் வடித்தேன். கேஸ்கொலேட்டரில் ஒரு மேசைக்கரண்டி அளவு தண்ணீர். டேங்குக்குள் குறுக்கே நிற்கும் ரிப்களின் அடியில் தண்ணீர் நகரச் சிறு துளைகள் உண்டு. அவற்றில் சீலன்ட் கொஞ்சம் அப்பியிருந்தால் தண்ணீர் ரிப்புக்குப் பின்னால் தேங்கி நிற்கும், விமானம் ஆடும்போதுதான் தாண்டி வரும். இப்போதெல்லாம் வடிக்கும் முன் இறக்கை நுனியைப் பிடித்து நன்றாக ஆட்டிவிட்டு, சில நிமிடம் பொறுக்கிறேன்.

எதைப் போட்டாலும் பெட்ரோல் ஓட்டச் சோதனையை விடாதீர்கள். வீட்டில் கட்டிய விமான விபத்துகளைப் பற்றி 2012-இல் வந்த என்டிஎஸ்பி (அமெரிக்க விபத்து விசாரணை வாரியம்) ஆய்வு, பறக்கும் தகுதிச் சான்று தரும் முன் எரிபொருள் அமைப்பைச் சோதித்துக் காட்டச் சொல்ல வேண்டும் என்று பரிந்துரைத்தது. அமெரிக்க விமானத் துறை அமைப்பான எஃப்ஏஏவின் கணக்கு எளிது: குதிரைத்திறனை 0.55-ஆல் பெருக்கினால் மணிக்கு எத்தனை பவுண்டு; பம்ப் வைத்த அமைப்புக்கு அதில் 125 சதவீதம், புவியீர்ப்பில் மட்டும் இறங்குவதற்கு 150. என் ஓ-320 இன்ஜின் 160 குதிரைத்திறன். 88 பவுண்டு, 125 சதவீதம் 110 பவுண்டு, அதாவது மணிக்குச் சுமார் 18.3 காலன். மூக்கை ஏறும் கோணத்துக்குத் தூக்கி வைத்து, ஃபில்டரோ கேஸ்கொலேட்டரோ மாட்டிய நிலையிலேயே அளக்க வேண்டும். இந்தச் சோதனை அமைப்பு சரியா என்று சொல்லும், சல்லடை சுத்தமா என்று சொல்லாது. இரண்டாவது ஆண்டு நான் குழப்பிக்கொண்டது இதைத்தான்.

கேஸ்கொலேட்டருக்கு நான் கொடுக்கும் விலையையும் சொல்ல வேண்டும். முதலாவது சூடு. ஃபயர்வாலுக்கு முன்னால் தொங்குவதால், ஹூஸ்டன் பக்கத்து ஆகஸ்ட் மாதத்தில் இறங்கி அரை மணி நேரம் நின்றால் உள்ளே பெட்ரோல் கொதிநிலையை நெருங்கும், மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது ஆவி வரும். அலுமினியத் தகட்டில் ஒரு உறை செய்து, ஒரு அங்குலக் குழாய் வழியாகக் குளிர் காற்றை அதன் மேல் விட்டிருக்கிறேன். பறக்கும்போது நன்றாக உதவுகிறது, நிற்கும்போது அவ்வளவாக இல்லை. இரண்டாவது, கேஸ்கெட். தாழ் இறக்கையில் பம்புக்கு முந்தைய பகுதி முழுக்க உறிஞ்சலில் இருக்கிறது. கேஸ்கெட் சரியாக உட்காராவிட்டால் பெட்ரோல் வெளியே ஒழுகாது, காற்று உள்ளே போகும். நீலக் கறை தெரியாது, இன்ஜின் தடுமாறும்போதுதான் தெரியும். அதனால் ஒவ்வொரு முறை திறந்த பிறகும் தரையிலேயே முழு வேகத்தில் ஓட்டிப் பார்க்காமல் கிளம்புவதில்லை.

என் அனுபவம் ஒரு விமானம், ஒரு கார்புரேட்டர் இன்ஜின், அதுவும் அவ்காஸ் மட்டும். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வைத்தவர்கள் ஆவித் தொல்லைக்கு அஞ்சி எல்லாவற்றையும் சூட்டுக்கு வெளியே கேபினுக்குள் வைப்பதில் நியாயம் இருக்கிறது. அவர்களுக்கு என் முடிவை அழுத்திச் சொல்ல மாட்டேன். எத்தனால் கலந்த கார் பெட்ரோல் ஊற்றினால் கணக்கே வேறு. தண்ணீர் எத்தனாலோடு கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும், வரம்பு மீறும்போதோ குளிரும்போதோ எத்தனாலையும் சேர்த்து இழுத்துக்கொண்டு அடியில் பிரியும். அவ்வளவையும் தாங்க இந்தக் கிண்ணம் போதாது.

மறுபடி முதலிலிருந்து கட்டினால் இரண்டு சிறிய கேஸ்கொலேட்டர்களை இறக்கையின் வேரில், டேங்குக்கு ஒன்றாக, உடலோடு சேரும் இடைவெளியில் வைப்பேன். இன்ஜின் சூடு அங்கே வராது, உயரமும் டேங்கை ஒட்டியே இருக்கும், பக்கத்து ஃபேரிங்கை (இடைவெளியை மூடும் தகடு) கழற்றினால் கிண்ணம் தெரியும். சிலர் அப்படிச் செய்து வைத்திருப்பதை ஹேங்கரில் பார்த்தேன், நான் செய்து பார்க்கவில்லை. கேஸ்கெட் இரண்டாகும் என்பது ஒரு உறுத்தல். அப்படிச் செய்ய நினைப்பவர்கள் இறக்கையை நிரந்தரமாக மாட்டும் முன்பே பிராக்கெட்டையும் குழாயையும் வளைத்துப் பொருத்திப் பார்த்துவிடுங்கள். மாட்டிய பிறகு அந்த இடைவெளியில் கை நுழைவது கஷ்டம்.