அசை பிரிக்க மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதி

பிளஸ் டூ பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிறேன். நீளமான சொற்களை அசை பிரித்து, அழுத்தம் எங்கே விழுகிறது என்று காட்ட வகுப்பில் நான் திறப்பது மெரியம்-வெப்ஸ்டர் இணைய அகராதியைத்தான். இலவசம், போனிலேயே வரும், ஸ்பீக்கர் படத்தைத் தட்டினால் சொல்லியும் காட்டும்.

ஆனால் அதைப் படிக்கும் விதம் தெரிய வேண்டும். சொல்லுக்கு நடுவே உள்ள புள்ளிகளைப் பார்த்துவிட்டு, அதுதான் அசைப் பிரிப்பு என்று பிள்ளைகள் எழுதிவிடுகிறார்கள். அந்தப் புள்ளிகள், அச்சில் வரி முடியும் இடத்தில் சொல்லை எங்கே உடைக்கலாம் என்று காட்டுபவை. வரிக் கடைசியில் ஒற்றை எழுத்தைத் தனியே விட மாட்டார்கள். அதனால் 'எகானமி' மூன்று துண்டாகத் தெரியும். சொல்லிப் பார்த்தால் நான்கு அசை. 'ஐடியா'வில் புள்ளியே கிடையாது, அசையோ மூன்று. அசையை எண்ண, சொல்லை எப்படி உச்சரிப்பது என்று எழுதிக் காட்டும் ஒலிக்குறிப்புக்குத்தான் போக வேண்டும். அங்கே இடைக்கோடு போட்டுப் பிரித்திருப்பார்கள்.

அழுத்தக் குறியும் அங்கேதான். மேலே நிற்கும் சின்னக் கோடு முதன்மை அழுத்தம், கீழே நிற்பது அதற்கு அடுத்தது. அழுத்திச் சொல்ல வேண்டிய அசைக்கு முன்னால்தான் கோடு வரும். இதை மாற்றிப் புரிந்துகொண்டால் எல்லாமே ஓர் அசை தள்ளிப் போய்விடும்.

எனக்கு மிகவும் பிடித்தது, ஒரே குடும்பத்துச் சொற்களை அடுத்தடுத்துத் தட்டிக் கேட்பது. 'போட்டோகிராஃப்' என்றால் முதல் அசை, 'போட்டோகிராஃபி' என்றால் இரண்டாவது, 'போட்டோகிராஃபிக்' என்றால் மூன்றாவது. அழுத்தம் நகர்ந்ததும், அது விட்டுப்போன அசையின் உயிரொலி மங்குவது காதில் நன்றாக விழும். 'இக்' என்று முடியும் சொற்களில் பெரும்பாலும் அதற்கு முந்தைய அசையில்தான் அழுத்தம் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுகிறார்கள். 'ஹோட்டல்' என்பதில் நாம் முதல் அசையை அடித்துச் சொல்கிறோம். ஆங்கிலத்தில் அழுத்தம் இரண்டாவதில். விதியாகச் சொன்னால் மறந்துபோகும், கேட்டால் நிற்கிறது.

ஒரு குறை: இது அமெரிக்க அகராதி. 'லேபரட்டரி'க்கு அமெரிக்கர்கள் முதல் அசையை அழுத்துவார்கள், பிரிட்டிஷார் இரண்டாவதை. 'கராஜ்' அப்படியே தலைகீழ். பிரிட்டிஷ் உச்சரிப்பு வேண்டுமென்றால் கேம்பிரிட்ஜ் இணைய அகராதியையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு நாட்டு உச்சரிப்பும் தனித்தனி ஒலியோடு இருக்கும். அங்கே ஒலிக்குறிப்புக்குள் வைத்திருக்கும் புள்ளிகள் அசைப் பிரிப்பேதான்.