பிள்ளைகளின் படிப்பும் ஒழுக்கமும்: அரசு சுமக்க வேண்டியது எது, பெற்றோர் சுமக்க வேண்டியது எது?

எங்கள் மூத்த மகளுக்கு வீட்டுப்பாடமும் பாடக் குறிப்புகளும் கைப்பேசி வழியாகவே வரத் தொடங்கியபோது, நானும் கணவரும் ஒரு முடிவெடுக்க வேண்டியிருந்தது. கைப்பேசியை எவ்வளவு நேரம், எதற்காகப் பயன்படுத்தலாம் என்பதைப் பள்ளியோ அரசோ விதியாக வகுத்துத் தரட்டும், நாம் அதைப் பின்பற்றிக்கொள்ளலாம் என்பது ஒரு வழி. விதியை நாமே வகுத்து, நாமே முன்னின்று நடத்துவது மற்றொரு வழி. இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தோம். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு பெற்றோர் பக்கம்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைப்பேசியில் தொடங்கினாலும் கேள்வி அதைவிடப் பெரியது: பிள்ளையின் கல்வியிலும் ஒழுக்கத்திலும் அரசின் பொறுப்பு எங்கே முடிகிறது, பெற்றோரின் பொறுப்பு எங்கே தொடங்குகிறது?

அரசின் பக்கம் வெளிப்படையாக இருப்பவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பள்ளி கட்டுவது, ஆசிரியரைப் பயிற்றுவித்து நியமிப்பது, பாடத்திட்டம் வகுப்பது ஆகியவற்றை எந்தக் குடும்பமும் தனித்துச் செய்துவிட முடியாது. பிள்ளையின் கூலி இல்லாவிட்டால் அடுப்பெரியாது என்ற நிலையில் இருக்கும் குடும்பம், எவ்வளவு பாசம் இருந்தாலும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தயங்கும். அந்தத் தயக்கத்தை உடைத்தது சட்டம்தான். பழைய ஜெர்மானிய அரசான பிரஷ்யாவில் பள்ளிப் படிப்பைக் கட்டாயமாக்கி 1763-இல் வந்த ஒழுங்குமுறையும், பெரும்பாலான நெசவாலைகளில் 9 வயதுக்குட்பட்டவர்களை வேலைக்கு வைப்பதைத் தடுத்த பிரிட்டனின் 1833 தொழிற்சாலைச் சட்டமும், 8 முதல் 14 வயதுவரை உள்ளவர்களுக்குப் பள்ளி வருகையைக் கட்டாயமாக்கிய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் 1852 சட்டமும் இல்லாமல், பள்ளிக்கூடம் எல்லாப் பிள்ளைகளுக்கும் உரியது என்ற எண்ணமே இவ்வளவு தூரம் வேரூன்றியிருக்காது. இதில் நான் யாருடனும் வாதிட விரும்பவில்லை.

சட்டங்களுமே இந்தப் பொறுப்பை ஒரு பக்கம் மட்டும் ஏற்றிவைக்கவில்லை. 1948-இல் வந்த உலக மனித உரிமைப் பிரகடனத்தின் 26-ஆவது பிரிவு, தொடக்கக் கல்வி கட்டாயமாகவும் இலவசமாகவும் இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளுக்கு எத்தகைய கல்வி தேவை என்பதைத் தேர்ந்தெடுக்கும் முன்னுரிமை பெற்றோருக்கே உண்டு என்று அதே பிரிவில் முடிக்கிறது. 1989-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற குழந்தை உரிமைகள் உடன்படிக்கையின் 18-ஆவது பிரிவு, வளர்ப்பின் முதன்மைப் பொறுப்பைப் பெற்றோரிடம் வைத்து, அதற்குத் தக்க உதவி செய்யும் கடமையை அரசிடம் வைக்கிறது. எழுத்தில் இந்த வரிசை தெளிவாகவே இருக்கிறது. நடைமுறையில்தான் பள்ளி வீட்டைக் கைகாட்டுகிறது, வீடு பள்ளியைக் கைகாட்டுகிறது, இருவரும் சேர்ந்து அரசைக் கைகாட்டுகிறார்கள்.

எங்கள் முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு காரணம்தான். விதியை யார் வகுக்கிறார்கள் என்பதைவிட, வகுத்த விதியை நாள் தவறாமல் யார் நடத்திச் செல்கிறார்கள் என்பதுதான் ஒழுக்கத்தில் பெரிய விஷயம். அரசால் விதியை ஒரே நாளில் கொண்டுவர முடியும். ஆனால் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வோர் இரவும் அதன் அருகில் நிற்க முடியாது.

தென் கொரியாவின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. 16 வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை 6 மணிவரை இணைய விளையாட்டுகளில் ஈடுபடக் கூடாது என்று 2011-இல் அங்கே சட்டம் நடைமுறைக்கு வந்தது. நோக்கத்தில் குறை காண முடியாது. பிள்ளைகள் தூங்க வேண்டும் என்பதுதான் அதன் அக்கறை. ஆனால் பிள்ளைகள் பெற்றோரின் குடிமக்கள் பதிவு எண்ணைக் கொடுத்து உள்ளே நுழைந்தார்கள். சட்டம் கணினி விளையாட்டுகளைக் குறிவைத்திருந்தது. கைப்பேசி விளையாட்டுகள் அதில் அடங்கவில்லை, பிள்ளைகளோ கைப்பேசிக்கு நகர்ந்துவிட்டார்கள். 2021-இல் அந்தச் சட்டத்தைக் கைவிட அரசு முடிவெடுத்தது. 2022 தொடக்கத்தில் அது விலக்கப்பட்டது. எஞ்சி நிற்பது, பெற்றோரோ பிள்ளையோ கேட்டுக்கொண்டால் குறிப்பிட்ட நேரத்துக்கு விளையாட்டை நிறுத்திவைக்கும் ஏற்பாடு. அதாவது பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்தச் சாவி மீண்டும் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

சீனா இன்னும் கடுமையாக முயன்றது. 18 வயதுக்குட்பட்டவர்கள் வெள்ளி, சனி, ஞாயிறு, அரசு விடுமுறை நாள்கள் ஆகியவற்றில் மட்டும், அதுவும் இரவு 8 முதல் 9 மணிவரை மட்டுமே இணைய விளையாட்டு ஆடலாம் என்று 2021 செப்டம்பரில் விதி வந்தது. அங்கேயும் வீட்டிலுள்ள பெரியவர்களின் கணக்கைப் பிள்ளைகள் பயன்படுத்துவது பேச்சாயிற்று. அதே ஆண்டில் குடும்பக் கல்வி ஊக்குவிப்புச் சட்டமும் நிறைவேறி, 2022 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது; பெற்றோர் தங்கள் வளர்ப்புக் கடமையைச் செய்தாக வேண்டும் என்பதையே அது சட்டமாக்கியது. விளையாட்டு நிறுவனங்களின் மீது அவ்வளவு பிடி வைத்திருந்த அரசுக்கும், கடைசியில் வீட்டை விட்டுவிட்டு ஒழுங்கைக் கொண்டுவர முடியவில்லை.

இதை வீட்டுக்குள் வைத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். இரவு ஒன்பது மணிக்கு எல்லாக் கைப்பேசிகளும் கூடத்து அலமாரிக்குப் போய்விட வேண்டும் என்பது எங்கள் விதி. ஓர் இரவு மகள் வந்து, "அம்மா, நாளைக்கு அறிவியல் செயல்திட்டம் கொடுக்கணும். என் குழுவில இருக்கிற தோழி வரைபடத்தை இன்னும் அனுப்பலை. அரை மணி நேரம் மட்டும்" என்றாள். அந்த நிமிடத்தில் நான் பல கேள்விகளுக்கு விடை தெரிந்தவளாக இருக்க வேண்டும். செயல்திட்டம் உண்மையிலேயே நாளைக்கா? அந்தத் தோழிதான் அவளுடைய குழுவில் இருக்கிறாளா? போன வாரம் இதே காரணத்தைச் சொன்னாளா? முந்தைய இரவு சரியாகத் தூங்கினாளா? விடைகள் எனக்குத் தெரிந்திருந்ததால், கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து முடித்துக்கொள்ளச் சொன்னேன். காலையில் எழும் நேரம் மாறாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். மறுத்திருந்தால் குழுவில் அவள் பெயர் கெட்டிருக்கும். கேள்வி கேட்காமல் விட்டிருந்தால் ஒன்பது மணி என்பது வெறும் பேச்சாகியிருக்கும். எந்த அரசாணையாலும் எழுதி வைக்க முடியாத இந்தச் சின்னத் தீர்ப்புகளைத்தான் நான் ஒழுக்கப் பயிற்சி என்று கருதுகிறேன். அவற்றைச் சொல்வதற்குப் பிள்ளையின் நாளை முழுவதும் அறிந்த ஒருவர் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

வீட்டு விதிக்கு இன்னொரு வலிமையும் உண்டு: அது விதித்தவரையும் கட்டுகிறது. எங்கள் அலமாரியில் என் கைப்பேசியும் கணவரின் கைப்பேசியும் இருக்கின்றன. வயது வரம்பு வைக்கும் சட்டம் பெரியவர்களை விட்டுவிட்டுப் பிள்ளையை மட்டும் கட்டுவதால், வளர்ந்ததும் இதிலிருந்து விடுதலை கிடைத்துவிடும் என்ற எண்ணமே பிள்ளை மனத்தில் தங்குகிறது. தாய் தந்தையும் சேர்ந்து கட்டுப்படும்போது அது குடும்பத்தின் வழக்கமாகிவிடுகிறது.

படிப்பிலும் இதே கணக்குதான். இந்தியாவின் 2009 கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 8-ஆம் வகுப்புவரை ஆண்டுக்குக் குறைந்தது 220 வேலை நாள்களும் 1,000 கற்பித்தல் மணி நேரமும் வேண்டும் என்கிறது. ஓர் ஆண்டில் 8,760 மணி நேரம். நாளுக்கு 9 மணி நேரத் தூக்கத்தைக் கழித்தால் ஏறத்தாழ 5,475 மணி நேரம் பிள்ளை விழித்திருக்கிறது. வகுப்பறைக்குக் கிடைப்பது அதில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மற்ற நாடுகளின் எண்கள் கொஞ்சம் கூடலாம், குறையலாம். விகிதம் தலைகீழாக மாறிவிடாது. வாசிக்கும் பழக்கம், கேள்வி கேட்கும் துணிவு, தொடங்கியதை முடிக்கும் பிடிவாதம் ஆகியவை அந்த மீதி நேரத்தில்தான் பெரும்பாலும் உருவாகின்றன.

ஆய்வுகளும் ஓரளவு இதையே காட்டின. அமெரிக்காவில் சுமார் 4,000 பள்ளிகளையும் 6 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களையும் ஆராய்ந்து 1966-இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, மாணவர்களின் தேர்ச்சி வேறுபாட்டைப் பள்ளியின் வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே அதிகம் விளக்குகிறது என்றது. என் சாய்வுக்கு இது வசதியான சான்று என்பதால், இதற்கு எதிரானதையும் சொல்லியாக வேண்டும். 1983-இல் ஹேய்ன்மன், லாக்ஸ்லி என்ற இருவர் 29 நாடுகளின் தரவுகளை ஒப்பிட்டு, வருமானம் குறைந்த நாடுகளில் பள்ளியின் தரமும் ஆசிரியரின் தரமும்தான் கூடுதல் வேறுபாட்டை உண்டாக்குகின்றன என்று கண்டார்கள். பாடநூலே வந்து சேராத இடத்தில், பெற்றோரின் அக்கறை மட்டும் பிள்ளையை எவ்வளவு தூரம் கொண்டுசெல்லும்? ஆகவே பெற்றோர் பொறுப்பு என்று நான் சொல்வது, அரசு தன் செலவைக் குறைத்துக்கொள்ள ஒருபோதும் சாக்காகிவிடக் கூடாது.

ஓர் இடத்தில் அரசின் பக்கமே முழுமையாக நிற்கிறேன்: அடிப்பது. பிள்ளையை அடிக்கும் உரிமை வளர்ப்புப் பொறுப்பில் அடங்கியது என்ற வாதத்தை என்னால் ஏற்க முடியாது. வீட்டிலும் உடல் தண்டனையைத் தடைசெய்த முதல் நாடான சுவீடன் 1979-இல் அதைச் செய்தது. அந்தத் தடைக்கென்று தனித் தண்டனை எதையும் அது வைக்கவில்லை. கடுமையான தாக்குதலுக்கு ஏற்கெனவே இருந்த குற்றவியல் சட்டமே போதும் என்று விட்டது. மாறாக, அடிக்காமல் வளர்ப்பது எப்படி என்ற சிறு கையேட்டைக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கெல்லாம் அனுப்பியது. பால் அட்டைப்பெட்டிகளில் அந்தச் செய்தியை அச்சிட்டு, காலை உணவு மேசையில் குடும்பம் அதைப் பற்றிப் பேசும்படி செய்தது. அரசு எல்லையை வரைந்தது. எல்லைக்குள் எப்படி நடப்பது என்பதைப் பெற்றோருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றது. ஒழுக்க விஷயத்தில் அரசுக்கு இதைவிடப் பொருத்தமான பங்கு எனக்குத் தெரியவில்லை.

அதே வேளையில், பெற்றோரே ஆபத்தாக இருக்கும் வீடுகளும் உள்ளன. அங்கே உள்ள பிள்ளைக்கு ஆசிரியரையும் குழந்தைகள் நல அலுவலரையும் தவிர யாரும் இல்லை. அந்த வீடுகளை மனத்தில் வைத்துக்கொண்டு எல்லா வீடுகளையும் கண்காணிக்கப் புறப்படுவது சரியாகாது. ஸ்காட்லாந்தில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஓர் அலுவலரை நியமிக்கும் திட்டம் 2014-இல் சட்டமானது. பிள்ளையைப் பற்றிய தகவல்களைப் பகிர்வது குறித்த அதன் பகுதிகள் குடும்ப வாழ்வின் தனியுரிமைக்கு ஒவ்வாதவை என்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2016-இல் தீர்ப்பளித்தது. 2019-இல் திட்டமே கைவிடப்பட்டது. ஆனாலும் ஆபத்தில் இருக்கும் அந்த ஒரு பிள்ளையை எப்படிக் கண்டுபிடிப்பது என்ற கேள்வி அங்கேயே நிற்கிறது; அதற்கு என்னிடம் விடை இல்லை.

என் அனுபவம் மெலிந்த இடங்கள் இன்னும் உண்டு. எங்கள் வீட்டில் இருவரில் ஒருவராவது மாலையில் இருக்க முடிகிறது. இரவுப் பணிக்குச் செல்லும் தனித்த தாயிடம் போய், நாள்தோறும் நீங்களே நின்று நடத்துங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வராது. என் பிள்ளைகள் இன்னும் பதினாறைத் தொடவில்லை. அந்த வயதில் வீட்டு விதி எவ்வளவு தாங்கும் என்பதை இனிமேல்தான் பார்க்க வேண்டும். 16 வயதுக்குட்பட்டவர்கள் சமூக ஊடகக் கணக்கு வைத்திருப்பதைத் தடுக்கும் ஆஸ்திரேலியச் சட்டம் 2025 டிசம்பர் 10-இல் நடைமுறைக்கு வந்தது. அது பெற்றோரையும் பிள்ளையையும் தண்டிக்காமல், 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர் வரையிலான அபராதத்தை நிறுவனங்களின் மீது வைக்கிறது. இது எனக்குப் பிடித்திருக்கிறது, ஏனென்றால் பிள்ளையைத் திரையிலேயே பிடித்துவைக்கும்படி பொறியாளர்கள் அமைத்த செயலியோடு ஒரு தாய் தனியாக மல்லுக்கட்ட முடியாது. பெற்றோர் சம்மதித்தாலும் விலக்கு இல்லை என்ற அதன் பகுதி மட்டும் எனக்கு உறுத்துகிறது. பலனைச் சொல்ல இன்னும் காலம் ஆகவில்லை.

ஆகவே அரசிடம் நான் கேட்பது பிள்ளைகளுக்கான புதிய விதிகளை அல்ல. பெற்றோர் கூட்டத்தை வேலை நாளின் நண்பகலில் வைக்காமல் மாலையில் வைக்கப் பள்ளிகளுக்கு உத்தரவிடுங்கள். பிள்ளையின் பள்ளிக்குச் சென்று வரச் சில மணி நேர ஊதிய விடுப்பைத் தொழிலாளர் சட்டத்தில் சேருங்கள். இரவுப் பணியில் இருக்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு மாலைநேரப் படிப்பகத்தைப் பள்ளியிலேயே, அவர்களை அறிந்த ஆசிரியர்களின் பொறுப்பில் திறந்துவையுங்கள். இவை மூன்றும் வந்தால், தன் பிள்ளையைத் தானே கவனிக்க முடியாமல் பள்ளியைக் கைகாட்டும் பெற்றோரின் எண்ணிக்கை நிச்சயம் குறையும் என்று நம்புகிறேன்.