சாஷிகோவா, காந்தாவா?

கைப்பூவேலைக்குப் புதிய வடிவங்களைத் தேடுவோர், ஜப்பானின் சாஷிகோவையும் வங்காளத்தின் காந்தாவையும் அருகருகே வைத்துப் பார்க்கலாம். இரண்டும் பழந்துணியை அடுக்கித் தைத்து வலுவாக்கும் தேவையிலிருந்து பிறந்தவை. இரண்டுக்கும் அடிப்படை, ஊசி துணியின் மேலும் கீழுமாக ஏறியிறங்கும் வெறும் ஓட்டுத் தையல்தான்.

சாஷிகோவில், அவுரி நீலத் துணியின் மீது வெள்ளை நூலால் நட்சத்திரம் போன்ற 'அசனோஹா', அலைகள் போன்ற 'செய்கைஹா' முதலிய வடிவியல் கோலங்கள் முன்கூட்டியே வரையப்பட்டுத் தைக்கப்படுகின்றன. கோடுகள் சந்திக்கும் இடத்தில் நூல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் சிறு இடைவெளி விடுவது மரபு.

காந்தாவோ இவ்வளவு கறாரானதன்று. பழைய சேலைகளின் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால், நடுவில் தாமரையும் மூலைகளில் மரங்களும், இடையில் மீன், யானை, படகு எனத் தைப்பவர் கண்ட உலகமும் விரிகின்றன. உருவங்களைச் சுற்றியுள்ள வெற்றிடத்தையும் நுண்தையல் நிரப்புவதால், துணியே மெல்லிய அலைகளாகச் சுருங்கி உயிர்பெறுகிறது. அந்தச் சுருக்கத்தைக் குறையென்று எண்ணி இஸ்திரி போட்டு நீக்க முயல்வது வீண். காந்தாவின் அழகே அதுதான்.

தையலின் அளவைச் சீராக்கப் பழகுவோருக்குச் சாஷிகோ ஏற்றது. சொல்வதற்குக் கதை வைத்திருப்பவருக்கு, என் கணிப்பில், காந்தாவே மேல்.