மேல் குன்னூர் இயன்முறை மருத்துவ நிலையம்: கருவிக்கு முன் கேள்விகள்

முழங்கால் வலிக்காக என் தாயாரை மேல் குன்னூரில் உள்ள ஓர் இயன்முறை மருத்துவ நிலையத்துக்கு அழைத்துச் சென்றேன். கருவி எதையும் தொடும் முன்பே, பேஸ்மேக்கர் (இதயத்துடிப்பைச் சீராக்கும் கருவி) உண்டா, எலும்பில் உலோகத் தகடு உண்டா, புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றதுண்டா, காலில் இரத்தம் உறைந்ததுண்டா என்று சிகிச்சையாளர் கேட்டுக் குறித்துக்கொண்டார். இக்கேள்விகள் சடங்கல்ல. பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கு ஷார்ட்வேவ் டயாதெர்மி (மின்காந்த அலைகளால் உடலின் ஆழத்தில் வெப்பமூட்டும் சிகிச்சை) கூடவே கூடாது. உலோகம் பதித்த இடத்தில் அதன் வெப்பம் குவிந்து திசுவைச் சுட்டுவிடலாம். காலின் ஆழ்சிரையில் (ஆழத்தில் ஓடும் இரத்தக் குழாயில்) இரத்த உறைவு இருக்கக்கூடும் என்ற ஐயம் இருந்தால், காலைப் பிடித்துவிடுவதும் ஆபத்தே.

அம்மாவுக்கு நெடுநாள் சர்க்கரை நோய் இருப்பதால், அவரைக் கண்களை மூடச் சொல்லி, வெந்நீரும் குளிர்நீரும் நிரப்பிய இரு குழாய்களை மாற்றி மாற்றித் தோலில் வைத்து, வேறுபாடு தெரிகிறதா என்று சோதித்த பின்னரே துண்டில் சுற்றிய வெப்ப ஒத்தடத்தை வைத்தார்கள். இடையிடையே தோல் சிவக்கிறதா என்றும் பார்த்தார்கள். மலைக்குளிரில் விறைத்து வருபவர்கள் இன்னும் சூடு வேண்டும் என்று கேட்பது இயல்புதான் (அம்மாவும் கேட்டார்), ஆனால் உணர்ச்சி மங்கிய காலில் அது கொப்புளத்தில் முடியும்.

கட்டணம் நியாயமானது, காத்திருப்புதான் நீளம். ஒப்புதல் படிவம் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது பெரிய குறை. முதியோர் படித்துக் கையொப்பமிடத் தமிழ்ப் படிவம் அவசியம்.