யுபிஎஸ்ஸா, என்பிஎஸ்ஸா, பழைய பென்ஷனா: பாரம் யார் தலையில?

2025ல மத்திய அரசு ஊழியர்களுக்கு ஆப்ஷன் குடுத்தப்போ நான் என்பிஎஸ்ல (தேசிய பென்ஷன் திட்டம், மாசாமாசம் போடற பணத்தை சந்தைல வளர்க்கறது) இருந்து யுபிஎஸ்க்கு (ஒருங்கிணைந்த பென்ஷன் திட்டம், பென்ஷன் இவ்ளோன்னு உறுதி தர்றது) மாறிட்டேன். 2009ல சேர்ந்தவன், 60ல ரிட்டயர் ஆகும்போது 25 வருஷம் தாண்டிருக்கும், பாதியில வேலையை விடுற எண்ணமும் இல்ல. கூட வேலை பாக்கறவங்கள்ல நிறைய பேரு மாறல, ஏன் மாறினேன்னு இன்னும் கேக்கறாங்க, புதுசா சேர்ற பசங்களும் கேக்கறாங்க (அவங்க சேர்ந்த 30 நாளுக்குள்ள முடிவு சொல்லணும்). எல்லாரும் மாசம் எவ்ளோ வரும்னு கால்குலேட்டர்ல தட்டிப் பாக்கறாங்க, அதுவும் பாக்க வேண்டியதுதான், ஆனா நான் பார்த்தது வேற ஒண்ணு. காசு பத்தாம போனா அந்த மிச்சத்தை யாரு கட்டுவாங்க, நமக்கு அப்புறம் வர்றவங்க எந்த வழியில கட்டுவாங்க.

பழைய பென்ஷன் பத்தி ரொம்ப சொல்ல வேண்டியதில்ல. 2004 ஜனவரி 1க்கு முன்னாடி சேர்ந்த மத்திய அரசு ஊழியருக்கு கடைசி பேசிக்ல (அடிப்படைச் சம்பளத்துல) பாதி, அதுமேல வருஷத்துக்கு ரெண்டு தடவை திருத்துற டிஏ (விலைவாசிக்கு ஈடா தர்ற அகவிலைப்படி), பே கமிஷன் வந்தா அதுக்கேத்த திருத்தம், 80 வயசு ஆனா 20% கூடுதல். சம்பளத்துல பிடித்தம் கிடையாது, தனியா ஒரு நிதியும் கிடையாது, அந்தந்த வருஷ வரிப்பணத்துல இருந்து குடுக்கறது. இதை திரும்ப கேக்கறவங்க மேல எனக்கு கோவம் இல்ல. 2003 டிசம்பர்ல சேர்ந்தவருக்கும் 2004 ஜனவரில சேர்ந்தவருக்கும் வேலை ஒண்ணுதான், பென்ஷன்ல மட்டும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம், அதுவும் அநியாயம்தான். தமிழ்நாட்டுல அந்தக் கோடு 2003 ஏப்ரல் 1, அதே வருஷம் ஜூலைல சலுகைகளை வெட்டினதுக்கு எதிரா ஸ்டிரைக் பண்ணவங்கள்ல சுமார் 1.7 லட்சம் பேரை டிஸ்மிஸ் பண்ணாங்க, அரசு ஊழியர் வீடுகள்ல அதை யாரும் மறக்கல.

ஆனாலும் ராஜஸ்தான் 2022ல அறிவிச்ச மாதிரி பழையபடி திரும்பறதுல ஒரு விஷயம் இருக்கு. இன்னைக்கு அந்த அரசுக்கு செலவு குறையும், ஏன்னா மாசாமாசம் என்பிஎஸ்க்கு கட்டற பங்கு மிச்சம். கட்ட வேண்டிய நேரம் வர்றது 2004க்கு அப்புறம் சேர்ந்தவங்க கூட்டமா ரிட்டயர் ஆகும்போது, அதாவது 2035, 2040ன்னு. அப்போ வரி கட்டப் போறது யாரு? தமிழ்நாட்டுல மொத்த கருவுறு விகிதம் (ஒரு பெண்ணுக்கு சராசரியா பிறக்கற குழந்தைங்க) 1.3க்கு வந்து நிக்குது, மக்கள்தொகை அப்படியே நிலைக்கணும்னாலே 2.1 வேணும், அதனால உழைக்கிற வயசுல இருக்கறவங்க குறைவாதான் இருப்பாங்க, அவங்கள்லயும் முக்கால்வாசிக்கு மேல அரசு வேலைல இல்லாதவங்க, சோப்பு வாங்கினாலும் ஜிஎஸ்டி கட்டறவங்க, தனக்குன்னு சொல்லிக்க ஒரு பென்ஷன் இல்லாதவங்க. அவங்ககிட்ட கேக்காம அவங்க பேர்ல நாம கையெழுத்து போட முடியாது. பழைய பென்ஷனை நான் தள்ளி வெச்சது இதனாலதான்.

அந்த வகைல பாத்தா என்பிஎஸ் நேர்மையான திட்டம், இதை மறுக்கவே முடியாது. பேசிக்கும் டிஏவும் சேர்த்து அதுல 10% நான் போடறேன், 14% அரசு போடுது, அது என் பேர்ல இருக்கு. ரிட்டயர் ஆகும்போது 60% வரை மொத்தமா கையில, மிச்சம் 40%க்கு ஆன்யுட்டி, அதாவது இன்சூரன்ஸ் கம்பெனில கட்டி மாசாமாசம் பென்ஷனா வாங்கறது. போட்ட முதலை நாமினிக்கு திருப்பித் தர்ற ஆன்யுட்டி எடுத்தா நமக்கு அப்புறம் பிள்ளைங்களுக்கு போகும். சந்தை நல்லா ஓடினா பாதி சம்பளத்தை விட அதிகமாவும் வரலாம், 25, 26 வயசுல சேர்ற பசங்களுக்கு அதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு.

என் முடிவை மாத்தினது விலைவாசி. ஆன்யுட்டில பொதுவா முதல் மாசம் என்ன தொகையோ கடைசி வரைக்கும் அதே தொகை. வருஷம் 3% ஏறுற ஆன்யுட்டியும் இருக்கு, ஆனா அது ஆரம்பத்துலயே குறைவா குடுக்கும், விலைவாசி எவ்ளோ ஏறினாலும் அதே 3%தான். ஒரு கணக்கு போட்டுப் பாருங்க, 60 வயசுல 40,000 ஆன்யுட்டி வருதுன்னு வெச்சுக்குவோம், விலைவாசி வருஷத்துக்கு 6% ஏறினா 12 வருஷத்துல எல்லாம் ரெண்டு மடங்கு ஆயிடும், அப்போ 72 வயசுல அந்த 40,000த்தோட மதிப்பு இன்னைய 20,000, 84 வயசுல 10,000. மருந்துக்கும் ஆள் வெச்சு பாத்துக்கறதுக்கும் செலவு அதிகமாகிறது அந்த வயசுலதான். 60% கையில இருக்கே அதை முதலீடு பண்ணி சமாளிக்கலாமேன்னு கேப்பீங்க, கட்டுப்பாடா இருக்கறவங்க சமாளிப்பாங்க, ஆனா நம்ம குடும்பங்கள்ல ரிட்டயர்மெண்ட் பணம் வர்ற நேரமும் கல்யாணச் செலவு, வீட்டு லோன் பாக்கி வர்ற நேரமும் பெரும்பாலும் ஒண்ணாதான் இருக்கு, மிஞ்சினதை 78 வயசுல உக்காந்து மியூச்சுவல் ஃபண்டுல நிர்வாகம் பண்றது எல்லாருக்கும் ஆகற காரியம் இல்ல.

அப்போ பத்தாக்குறையை யாரு போடுவாங்க? பெத்த பிள்ளைங்க. என்பிஎஸ் அடுத்த தலைமுறை மேல பாரம் வெக்கலன்னு சொல்றோம், அரசு கணக்குல பாத்தா உண்மைதான், ஆனா பாரம் அங்க இருந்து வீட்டுக்குள்ள வந்துடுது. நல்ல சம்பளம் வாங்கற பையன் இருந்தா தெரியாது, ஒரே பொண்ணு, அவளும் மாமனார் மாமியாரையும் சேர்த்து பாக்கணும்னா ரொம்பத் தெரியும், பிள்ளையே இல்லாதவங்க நிலைமையை சொல்லவே வேண்டாம்.

விலைவாசியோட கட்டாத பென்ஷன் என்ன ஆகும்னு தெரிஞ்சுக்க எங்கயும் போக வேண்டாம். தமிழ்நாட்டுல முதியோர் உதவித்தொகை 2011ல 1,000 ஆச்சு, 1,200 ஆனது 2023ல, நடுவுல 12 வருஷம் அரிசி பருப்பு விலை அப்படியேவா நின்னுச்சு? மத்திய அரசோட பங்கு 60ல இருந்து 79 வயசு வரைக்கும் இன்னும் மாசம் 200தான். பிஎஃப் பென்ஷன்ல குறைந்தபட்சம் 1,000ன்னு 2014ல வெச்சாங்க, அது அங்கயே நிக்குது. யாரும் வெட்டறேன்னு அறிவிக்கல, வருஷா வருஷம் தானா வெட்டுப்பட்டுட்டு இருக்கு.

யுபிஎஸ் இதுக்கு நடுவுல நிக்கற திட்டம். 25 வருஷம் சர்வீஸ் இருந்தா கடைசி 12 மாசத்தோட சராசரி பேசிக்ல பாதி, குறைஞ்சா அதுக்கேத்த விகிதம், 10 வருஷம் முடிச்சிருந்தா குறைந்தபட்சம் 10,000, எல்லாத்துக்கும் மேல விலைவாசிக் குறியீட்டோட ஏறுற டிஏ. ஆனா பழைய பென்ஷன் மாதிரி சும்மா இல்ல, நான் 10% போடறேன், அரசு 18.5% போடுது, அதுல 10% என் கணக்குக்கு, 8.5% எல்லாருக்கும் பொதுவான நிதிக்கு. அதாவது வேலை பாக்கற காலத்துலயே பணம் ஒதுக்கிட்டே வர்றாங்க. அந்த பொது நிதி பத்தாம போனா வருங்கால அரசு போட்டுத்தான் ஆகணும், அந்த அளவுக்கு அடுத்த தலைமுறை மேல கொஞ்சம் பாரம் இருக்கு, இல்லன்னு சொல்ல மாட்டேன். ஆனா மொத்த பாரமும் இல்ல, அதுவும் ஊரே பகிர்ந்துக்கிறது, ஒரு பொண்ணோட சம்பளத்துல மட்டும் விழறது இல்ல. எனக்கு நியாயம்னு பட்டது இதுதான்.

குடுக்க வேண்டிய விலையும் இருக்கு. முழு பென்ஷன் வேணும்னா என் கணக்குல சேர்ந்த பணம் பொது நிதிக்கு போயிடும், 60% வரை எடுக்கலாம், எடுத்தா பென்ஷனும் அதே விகிதத்துல குறையும். தனியா ஒரு தொகை வரும், முடிச்ச ஒவ்வொரு 6 மாசத்துக்கும் மாசச் சம்பளத்துல பத்துல ஒரு பங்கு, 30 வருஷத்துக்கு கணக்கு போட்டா ஆறு மாசச் சம்பளம், அவ்ளோதான். எனக்கு அப்புறம் மனைவிக்கு 60%, அதோட சரி, பிள்ளைங்களுக்கு ஒண்ணும் இல்ல. என் பொண்ணுகிட்ட இதை சொன்னேன், எனக்கு நீங்க சேர்த்து வெக்க வேண்டாம்ப்பா, கடைசி வரைக்கும் உங்களுக்கு பத்தினா போதும்னா. ஆனா வாழ்நாள் முழுக்க ஆதரவு தேவைப்படற பிள்ளை இருக்கற வீட்டுல நான் யுபிஎஸ் எடுங்கன்னு சொல்லவே மாட்டேன், அங்க நாமினிக்கு பணம் போற என்பிஎஸ்தான் சரி. சர்வீஸ்லயே இறந்தா ரெண்டுலயும் பழைய விதிப்படி குடும்ப பென்ஷன் கேக்க ஆப்ஷன் இருக்கறதால அதை வெச்சு முடிவு பண்ண வேண்டாம்.

விஆர்எஸ் (விருப்ப ஓய்வு) யோசனை இருக்கறவங்களும் என்பிஎஸ்லயே இருக்கலாம், 25 வருஷம் முடிச்சு விஆர்எஸ் வாங்கினாலும் யுபிஎஸ் பென்ஷன் 60 வயசுல ரிட்டயர் ஆகியிருக்க வேண்டிய தேதில இருந்துதான் வரும்.

டிஏ இருக்குன்னு முழுசா நிம்மதியா இருந்துடவும் முடியாது, கொரோனா சமயத்துல 2020 ஜனவரில இருந்து 18 மாசம் டிஏ உயர்வை நிறுத்தி வெச்சாங்க, பென்ஷன்காரங்களுக்கும் சேர்த்துதான், அந்த அரியர் வரவே இல்ல. யுபிஎஸ் நடைமுறைக்கு வந்ததே 2025 ஏப்ரல் 1, அதுல 20 வருஷம் பென்ஷன் வாங்கிப் பார்த்தவங்க யாரும் இன்னும் கிடையாது, நான் சொல்றது விதியைப் படிச்சு போட்ட கணக்குதான், அனுபவம் இல்ல. புதுசா சேர்ற பசங்களுக்கு ஒரு ஆறுதல், யுபிஎஸ் எடுத்துட்டு ரிட்டயர் ஆக ஒரு வருஷம் முன்னாடி வரைக்கும் ஒரே ஒரு தடவை என்பிஎஸ்க்கு திரும்பலாம், என்பிஎஸ்ல இருந்து யுபிஎஸ்க்கு வர்ற கதவு பழைய ஊழியர்களுக்கு 2025 நவம்பர் 30 வரைக்கும்தான் திறந்திருந்துச்சு. எங்க சங்கக் கூட்டத்துல பென்ஷன் பேச்சு வரும்போதெல்லாம் நான் இன்னொண்ணும் சொல்லிட்டு வர்றேன், நமக்கு டிஏ கேக்கற அதே மனுவுல அந்த 1,200க்கும் 200க்கும் விலைவாசி குறியீட்டை கட்டுங்கன்னு ஒரு வரி சேர்க்கணும்.